தண்ணீர் கட்டிய கான்கிரீட்

செய்யூர்,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்பதை நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டாய், அதனால் அதை நான் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, பகலில் வாசலில் காலை வைக்க முடியவில்லை. ஈஸ்டருக்கு உன் அக்கா சிநேகா படூரிலிருந்து பிள்ளையோடு வந்தாள், இன்னும் இங்கேதான் இருக்கிறாள். விடியற்கால ஆராதனைக்கு அப்பாவும் வந்தார், முழங்கால் வலியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பாட்டுக்கு மட்டும் எழுந்து நின்றார். பின்பக்கத்து சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டார்கள், இப்போது சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரோட்டில் போகிற பஸ் தெரிகிறது. மற்றபடி எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நீ அவ்வளவையும் கொட்டியபோது எனக்குச் சரி சரி, முதலில் சாப்பிடு என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, எதையாவது பிடித்துக்கொண்டால்தான் எனக்கு யோசனையே ஓடும். எழுதி முடித்ததும் சிநேகா ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். படிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், ஆனால் படிப்பாள்.

நீ சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று பார்க்க, ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். வகுப்பிலும் நான் அப்படித்தான், பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போவேன். எங்கேயாவது தப்பாக எழுதியிருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள். போன அக்டோபரில், அங்கே கனடாவில் பனி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்கு வாசல் படியும் தெருவரைக்கும் நடைபாதையும் நீங்கள் கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கான்கிரீட்டில் போட்டீர்கள். அந்த அம்மா விழாமலிருக்கப் பிடித்துக்கொள்கிற சக்கரக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவர் என்பதால் படியைத் தாழ்வாக வைத்தீர்கள். அந்த ஊர் மண் நம் ஏரி மண்ணைப் போலக் களிமண், தண்ணீரைக் குடித்தால் உப்பும், குளிரில் உறைந்தால் மேலே இருப்பதையெல்லாம் தூக்கிவிடும் என்பதால் முதலில் அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லி கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல்தான் கான்கிரீட். மேற்பரப்பைத் தேய்த்து முடித்தது உன்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ஜெரோம். தினமும் காலையில் உன்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவரும், போன வருஷம் உனக்கு முதல் குளிர்காலத்தில் கையுறை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வேலை முடிந்ததும் முதலாளி உன்னை மட்டும் கடைசியில் விட்டு, மேலே தடிமனான போர்வையைப் போர்த்திவிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார். நீ போர்த்தவில்லை.

ஏன் போர்த்தவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கான்கிரீட் போட்டு யாரும் ஒரு குடம் தண்ணீர்கூட விடாமல் போகிறார்களே என்று உனக்கு அது முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. நம் வீட்டுக்குத் தளம் போட்டபோது போதகரை வரவழைத்து ஜெபம் பண்ணி, வேலையாட்களுக்கு இலை போட்டு, மறுநாள் காலையிலேயே அப்பாவும் நீயும் மாடியில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தினீர்கள். நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை மாடியேறி, எங்கே வற்றியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து விடுவாய். கான்கிரீட் என்றால் உனக்கு அதுதான். அதனால் எல்லாரும் போனபின் நீ அந்தக் களிமண்ணையே எடுத்துப் பாதையின் ஓரமெல்லாம் வரப்பு கட்டி, தோட்டக் குழாயை இழுத்துத் தண்ணீரைத் தளும்ப விட்டுவிட்டு, போர்வை நனைந்துவிடுமே என்று அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்தாய். காலையில் வந்து மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாய். அன்று பகலில் வெயில் அடித்ததாம், இரவில் இப்படிக் குளிரும் என்று உனக்குத் தோன்றவில்லையாம். காலையில் போய்ப் பார்த்தால் கண்ணாடி போட்ட மாதிரி ஐஸ். மற்றவர்கள் வருவதற்குள் அதை உடைத்து வாரி எறிந்து, வரப்பையும் தட்டிவிட்டு, போர்வையை விரித்து வைத்தாய். குளிர்காலம் முழுக்கப் பனி மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இப்போது பனி உருகியதும் மேற்பரப்பு தகடு தகடாகக் கழன்று வருகிறது.

இதில் அறிவியல் எனக்குப் புரிந்தது. தண்ணீர் உறையும்போது விரியும் என்று எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். குச்சி ஐஸைத் தவிர வேறு ஐஸையே பார்க்காத பிள்ளைகளுக்கு, இரும்புக் குழாயே வெடிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், டீச்சர் கதை விடறாங்க என்று பின்பெஞ்சில் சிரிப்பார்கள். போன மாதம் சிநேகா வீட்டில் அவள் பிள்ளை கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரில் வைத்து மறந்துவிட்டது, மறுநாள் திறந்தால் புட்டி வெடித்து இரண்டாகக் கிடந்தது. உன் பாதையும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இன்னும் இறுகாத கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இருந்தது, அது உறைந்து உள்ளே இருந்ததைத் தள்ளிவிட்டது. இங்கே வெயிலில் ஈரம் ஓடிப்போகும் என்பதால் தண்ணீர் விடுகிறோம், அங்கே குளிர் தாக்கும் என்பதால் போர்த்துகிறார்கள். இரண்டுமே ஒரே அக்கறைதான். நீ அக்கறையில்லாமல் செய்ததல்ல இது, ஊர் மாறியதை உன் கை மறந்துவிட்டது. அதற்காக உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவுக்கும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவில் மாடி எடுத்துக்கொண்டிருக்கும் பெஞ்சமின் மேஸ்திரியிடம் போனார். நம் வீட்டைக் கட்டியவர் அவர்தானே. எனக்குப் பொறுக்காமல் பின்னாலேயே நானும் போனேன். இன்னா மேஸ்திரி, கான்கிரீட்டுக்குத் தண்ணி வுட்டா கெட்டுப் பூடுமா என்று அப்பா கேட்டார். மேஸ்திரி சாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, இன்னாண்ணே, வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சா, தண்ணி வுடலன்னாதான் கெட்டுப் பூடும், எவன் சொன்னான் உனுக்கு என்றார். நம்ம ஆல்வின் கனடாவுல வுட்டானாம், மேல எல்லாம் அப்பளமாட்டம் பேந்துகினு வருதாம் என்றார் அப்பா. மேஸ்திரி உடனே, அப்ப சிமென்ட்டு டூப்ளிகேட்டுண்ணே, நம்ம புள்ள மேல தப்பே கெடியாது, நான் எங்க வேணா வந்து சொல்றேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் குளிரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். இன்னா டீச்சர், இங்க மார்கழில குளுர் இல்லியா, நாங்க தளம் போடலியா என்று கேட்டுவிட்டுப் பூச்சுக் கரணையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா அந்தத் தீர்ப்போடு சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, அத்த அப்பிடியே எழுது என்றார். எழுதிவிட்டேன். ஆனால் சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பைப்ப புடிக்கச் சொல்லிக் குடுத்தது நானு, புள்ள அத்ததான் செஞ்சிகீறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதற்கு நீ அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நான் சொன்னால் எடுபடாது.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி உங்கள் எல்லாரையும் நிறுத்தி, யார் தேய்த்தது என்று கேட்டபோது, நான்தான், வழக்கம் போலத்தான் செய்தேன் என்று ஜெரோம் சொல்லியிருக்கிறார். தேய்க்க வசதியாக மேலே தண்ணீர் தெளித்திருப்பாய், அதனால்தான் பேர்ந்து வருகிறது என்று முதலாளி அவர்மேல் முடிவு கட்டிவிட்டார். இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஜெரோம் வேலைக்குத் திரும்பிவிட்டாராம். இப்போது அவருக்கு மேற்பரப்பு தேய்க்கும் கரணை வேலை கிடையாது, மண் வெட்டவும் பலகை பிடுங்கவும் போட்டிருக்கிறார்கள். அத்தனை நாள் அவர் கைவேலைக்கென்றே கேட்டு வந்தவர்கள் இருந்தார்களாம். நீ அங்கேயே நின்றுகொண்டிருந்தாய். உனக்கு அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கு முதலாளி எழுதித் தர வேண்டிய பேப்பர் அடுத்த மாதம் வர வேண்டும், இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்துவிட்டாய். மறுநாளும் ஜெரோம் வண்டியைக் கொண்டுவந்து உன் வாசலில் நிறுத்தி, ஏறு என்று சொன்னாராம். அன்றிலிருந்து அந்த வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் இருப்பதிலேயே பெரிய தண்டனை என்று சொன்னாய் பார், அப்போதுதான் என் மகன் எங்கேயும் போய்விடவில்லை என்று எனக்கு நிம்மதி வந்தது.

அப்பா இதில் சொல்வது வேறு. அதையும் எழுதாவிட்டால் நான் ஓரவஞ்சனை செய்தவளாவேன். இப்ப இன்னாத்துக்குச் சொல்லணும், பேப்பரு கைக்கு வரட்டும், அப்பறம் அந்த ஆளாண்ட போயி காலைக்கூடத் தொட்டுக்கட்டும், வேலையே பூட்டா யாரு குடுப்பாங்க என்கிறார். அவர் சொல்வது உன்மேல் உள்ள பாசத்தால், அதில் பொய் இல்லை. நம் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள் எல்லாரும் நிலக்காரரின் முகம் பார்த்தே பேசினவர்கள், அந்தப் பயம் அவருக்கு ரத்தத்தில் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. உன் மாமா ஜோயல் செங்கல்பட்டிலிருந்து வந்தபோதெல்லாம், சித்தாளு வேலைக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவணுமாக்கா என்று கேலி பேசுவானே, வேலை போய் நீ திரும்பி வந்தால் அவன் வாய்க்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பேப்பர் வந்தபிறகு சொல்வது என்பது நடக்காது, ஆல்வின். பேப்பர் வந்தபின் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்னொரு காரணம் வரும். மணலில் ஊற்றினால் தண்ணீர் இறங்கிப் போய்விடும், களிமண் விடாது, உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நீ சின்ன வயதிலிருந்தே களிமண். ஒரு சின்னப் பொய் சொன்னால்கூட உனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சொல்ல வேண்டும் என்பது உனக்கே தெரிகிறது, அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரிடம் முதலில் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போனில், முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா அம்மா என்று கேட்டாய். எனக்கு உடனே என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த ராஜம் ஞாபகத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு இருந்ததே ஒரு சுருள்வில் தராசு, அது உடைந்து கிடந்தது, கடைசியாக எடுத்தவள் ராஜம் என்பதால் பிள்ளைகள் எல்லாரும் அவளைத்தான் சொன்னார்கள், அவள் இல்லை என்று சொல்லியும் யாரும் விடவில்லை. சில நாள் கழித்து ஸ்ரீதேவி என்ற பெண் என் மேஜைக்கு வந்து, நான்தான் டீச்சர் என்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் தண்ணீர் கொடுத்து, உண்மையைச் சொன்னாயே என்று தட்டிக்கொடுத்து, வகுப்பிலும் விஷயத்தைச் சொல்லி ராஜத்தின் பேரைத் துடைத்துவிட்டேன். ஸ்ரீதேவி அன்றைக்கே ஓடிப் பிடித்து விளையாடப் போய்விட்டாள். ராஜம் மட்டும் அந்த வருஷம் முழுக்க அவளோடு பேசவில்லை. ஏண்டி, அவள்தான் ஒத்துக்கொண்டாளே என்று கேட்டேன். அவ உங்களாண்ட வந்து அழுதா டீச்சர், என்னாண்ட வரவே இல்லியே, நான்தானே அத்தினி நாளும் ஏச்சு வாங்கினு இருந்தேன் என்றாள். அந்தப் பெண்ணுக்கு வயசு பத்தோ பதினொன்றோ.

அதனால் முதலில் ஜெரோம். காலையில் அவர் வண்டியை நிறுத்தியதும் ஏறி உட்கார்ந்து, அவர் கிளப்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. ஓடுகிற வண்டியில் வேண்டாம், பனி உருகின ரோடு வழுக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருந்தால் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொல், பரவாயில்லை. நம் வீட்டு மாடியில் தண்ணீர் கட்டிய கதையை எல்லாம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்காதே, அவர் கேட்டால் அப்புறம் சொல்லலாம். தண்ணீர் விட்டது நான், போர்த்தாதது நான், ஐஸை வாரி எறிந்தது நான், நீங்கள் ஏச்சு வாங்கியபோது பேசாமல் நின்றதும் நான். இதுதான் விஷயம். அவர் கோபப்படலாம், உன்னை வண்டியிலிருந்து இறங்கச் சொல்லலாம், இறங்கி நடந்து போ. அது அவர் பாத்தியதை. முதலாளியிடம் உன்னோடு வருகிறேன் என்றாலும் வரட்டும், நீயே போ என்றாலும் போ. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கார அம்மாவிடமும் போய்ச் சொல். பேர்ந்த இடத்தில் தண்ணீர் நின்று மறுபடி ஐஸ் ஆகிறது என்று சொன்னாய், கைவண்டிச் சக்கரம் மாட்டி அவர் விழுந்துவிடப் போகிறார். பாதையை உடைத்துப் புதிதாகப் போடும் நாள் வரைக்கும் தினமும் போய் மணல் தூவி வைப்பது உன் வேலை. முதலாளி உன்னை அனுப்பிவிட்டால் நீ வீட்டுக்கு வா. நான் அழமாட்டேன் என்று சொல்லமாட்டேன், அழுவேன், அப்பா என்னோடு பேசாமல் இருப்பார், ஜோயல் மாமா வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் பேசுவதைப் பேசுவான். அதெல்லாம் சில நாள். படூரிலும் கேளம்பாக்கத்திலும் தெருவுக்குத் தெரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, வேலை தெரிந்த கைக்கு இங்கே இடம் இருக்கிறது. இந்த வீட்டில் உன் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுது முடித்தபின் உன் குரல் மாறியது. சாப்பிட்டியாம்மா, அக்கா எப்பிடி கீது என்றெல்லாம் பழையபடி கேட்டாய். உனக்கு இலேசாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, பெற்றவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் போனை வைத்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இலேசு ஜெரோமுக்குச் சேர வேண்டியது, நான் இடையில் வாங்கிக்கொண்டுவிட்டேன் என்று பட்டது. என்னிடம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி நீ ஆற்றிக்கொண்டால், அவரிடம் போக உனக்குக் கால் வராது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் நாவுக்குத் தைரியம் கொடுப்பார். அப்பாவும் அக்காவும் உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரிக்கு ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வடித்துச் சாப்பிடு. ஜெரோமிடம் பேசியபின் எந்த நாளானாலும் எந்த நேரமானாலும் போன் அடி, நடுச்சாமமானாலும் எடுப்பேன். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆனாலும், அடிக்காதே. அடித்தால் எடுக்கமாட்டேன். அப்பா அவசரப்பட்டு எடுத்துவிடுவார் என்பதால் அவர் போனையும் நானே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்,
அம்மா
மார்கரெட் தாவீது